ஜிக் யாருடையது?

அமெரிக்கப் பழம்பொருள் கடைகளில் வெடிமருந்துக் கம்பெனிகளின் பெயர் அச்சடித்த மரப்பெட்டிகள் இன்றும் விலைக்குக் கிடைக்கின்றன. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் சுரங்கங்களுக்கும் கல் குவாரிகளுக்கும் டைனமைட் சுமந்து போன பெட்டிகள். வாங்க வருகிறவர்கள் பலகையில் இருக்கும் எழுத்தைப் பார்ப்பார்கள்; தச்சு தெரிந்தவர் மூலையைப் பார்ப்பார். அங்கே இரண்டு பலகைகளின் முனைகளும் சீப்பைப்போல ஒரே அகலத்தில் பல் பல்லாக வெட்டப்பட்டு, ஒன்றின் பல் மற்றதன் காடிக்குள் இறங்கி, பசையில் இறுகி நிற்கும். இன்று பட்டறைகளில் பாக்ஸ் ஜாயின்ட் என்று சொல்லும் மூட்டு இதுதான். இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு மிகச் சுருக்கமானது. கைவினைஞர் வெட்டிய டவ்டெயில் மூட்டு இயந்திரத்துக்குக் கடினமாக இருந்தது, அதனால் சாய்வை நீக்கிவிட்டு நேராக வெட்டிக்கொண்டார்கள், அதற்கு உதவும் ஜிக் என்ற துணைக்கருவி கைத்திறன் இல்லாதவர்களுக்கான குறுக்குவழி என்பார்கள். இந்தக் கதை முக்கியமான ஒன்றை விட்டுவிடுகிறது. ஜிக் என்பது ஒரு தச்சரின் அறிவு மரத்தில் உருவெடுத்து நிற்பது. அது தச்சருக்கு வலுச் சேர்த்ததா, அவரிடமிருந்து வேலையைப் பிடுங்கியதா என்பது, அதைச் செய்தவர் யார், வைத்திருந்தவர் யார் என்பதைப் பொறுத்தே இருந்தது. பாக்ஸ் ஜாயின்ட்டின் ஒன்றரை நூற்றாண்டுக் கதையில் இரண்டுமே நடந்திருக்கின்றன.

கையால் வேலை செய்தவர்கள் இந்த மூட்டை ஏன் நாடவில்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். டவ்டெயில் மிகப் பழையது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய எகிப்தியக் கல்லறைகளில் கிடைத்த மரச்சாமான்களில் அது இருக்கிறது. வாலின் அடி குறுகி முனை அகன்றிருப்பதால், ஒரு திசையில் எவ்வளவு இழுத்தாலும் கழன்று வராது; வச்சிரப் பசை ஈரத்தில் இளகிவிட்டாலும் பெட்டி பெட்டியாகவே நிற்கும். கை ரம்பத்துக்குச் சாய்வாக அறுப்பதும் நேராக அறுப்பதும் ஒரே உழைப்புதான். ஆக, சாய்வுக்குத் தனி விலை இல்லை. எத்தனை வெட்டு என்பதற்குத்தான் விலை. 100 மில்லிமீட்டர் உயரப் பெட்டிக்கு மூலைக்கு மூன்று வால்கள் போதும். அதே மூலையில் 5 மில்லிமீட்டர் பற்களாக பாக்ஸ் ஜாயின்ட் எடுத்தால் ஒரு பலகை முனைக்கு 10 காடி, மூலைக்கு 20, பெட்டி முழுவதற்கும் 80. காடிக்கு இரண்டு ரம்ப வெட்டு, பிறகு அடியை உளியால் தட்டி எடுக்க வேண்டும். மொத்தம் ஏறக்குறைய 160 வெட்டுகள். டவ்டெயிலில் ஒரு பலகையை வெட்டி முடித்ததும் அதையே மற்றப் பலகையின் மேல் வைத்துக் கோடு கீறிக்கொள்ளலாம்; முதல் பலகையில் நேர்ந்த கோணல் இரண்டாவதிலும் அப்படியே பதிந்து, இரண்டும் பொருந்திவிடும். மூன்று வாலுக்கு இது சுகமான வேலை. பத்துப் பல்லுக்கு, நான்கு மூலைக்கு, நூறு பெட்டிக்கு இப்படிச் செய்ய எந்தப் பட்டறைக்கும் கட்டுபடியாகாது. ஒரே அகல வெட்டைத் திரும்பத் திரும்ப எடுப்பது மலிவாகும் வரை பாக்ஸ் ஜாயின்ட்டுக்கு இடம் இல்லை. அது டவ்டெயிலின் மலிவுப் பதிப்பாகப் பிறக்கவில்லை. வேறொரு கணக்குக்கு விடையாகப் பிறந்தது.

அந்தக் கணக்கை ஜிக் எப்படித் தீர்க்கிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்ப்போம். டேபிள் சா மேசையின் நடுவில் வட்ட ரம்பம் எழுந்து நிற்கிறது. அதற்கு இணையாக மேசையில் ஓடும் பள்ளத்தில், பலகையைத் தள்ளிக்கொண்டு போகும் தாங்கி சறுக்குகிறது. தாங்கியின் முகத்தில் ஒரு நேர்க்கட்டையைத் திருகி வைத்து ஒருமுறை தள்ளினால் கட்டையில் ஒரு காடி விழும். அந்தக் காடிக்குள் சிக்கென்று போகும்வரை ஒரு சிறு கட்டையை இழைத்து முளையாக அடிக்க வேண்டும். பிறகு நேர்க்கட்டையை இரண்டு காடி அகலத்துக்குப் பக்கவாட்டில் நகர்த்தி, இன்னொரு காடி எடுக்க வேண்டும். ஜிக் தயார்: ஒரு முளை, அதற்கு அடுத்து ஒரு காடி அகல இடைவெளி, அதற்கு அடுத்து ரம்பத்தின் பாதை. பலகையைச் செங்குத்தாக நிறுத்தி, ஓரத்தை முளையில் முட்டவைத்து வெட்டினால் முதல் காடி. அந்தக் காடியை முளையின்மேல் ஏற்றி வெட்டினால் அடுத்தது. இப்படியே பலகை முடியும்வரை போகலாம். எதிர்ப் பலகை பல்லுக்குப் பதில் காடியில் தொடங்க வேண்டும் என்பதால், முதல் பலகையின் முதல் பல்லை முளைக்கும் ரம்பத்துக்கும் நடுவில் நிரப்பியாக நிறுத்தி, அதன்மேல் எதிர்ப் பலகையின் ஓரத்தை ஒட்டவைத்து வெட்டுவார்கள். இந்த வேலை முழுவதிலும் அளவுகோலோ கோடு கீறும் கட்டையோ வேண்டியதில்லை.

இதில் கவனிக்க வேண்டியது பிழையின் நடத்தை. ஒவ்வொரு வெட்டும் முந்தைய வெட்டை வைத்து எடுக்கப்படுவதால், பல்லுக்குப் பல் உள்ள தூரம் 10 மில்லிமீட்டருக்குப் பதில் 10.05 ஆக இருந்தால், பத்துப் பல் கடந்ததும் அரை மில்லிமீட்டர் விலகியிருக்கும். ஆனால் எதிர்ப் பலகையும் அதே முளையில்தான் வெட்டப்பட்டது. அதுவும் அதே அரை மில்லிமீட்டர் விலகியிருக்கும். இரண்டும் கச்சிதமாகப் பொருந்தும். தப்பக்கூடாத அளவு ஒன்றே ஒன்றுதான். முளைக்கும் ரம்பத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளி பல்லின் அகலம். ரம்பத்தின் கனம் காடியின் அகலம். முன்னது பத்தில் ஒரு மில்லிமீட்டர் கூடினால் பல் உள்ளே போகாது, குறைந்தால் ஆடும். டவ்டெயில் வெட்டும் கைவினைஞர் ஒரு பலகையை இன்னொன்றின்மேல் வைத்துக் கோடு கீறிச் சாதித்ததை இந்த முளை வேறு வழியில் சாதிக்கிறது. பிழையை ஒழிப்பதற்குப் பதில் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக்குகிறது. பழைய பட்டறை அறிவு ஒரு மரத்துண்டுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது என்று நான் சொல்வது இந்தப் பொருளில்தான். கையால் வேலை செய்த காலத்திலும் இதற்கு முன்னோடிகள் உண்டு. ஆந்த்ரே ரூபோ 1769 முதல் வெளியிட்ட பிரெஞ்சுத் தச்சு நூலின் படங்களிலேயே 45 பாகை முனைகளைச் சரியாக இழைக்க உதவும் தாங்கிப் பெட்டிகளைக் காணலாம். கையை வழிநடத்தும் கட்டை இயந்திரத்தோடு வந்ததல்ல.

இயந்திரத்தோடு வந்தது வேறு. அந்தக் கட்டை பட்டறையை விட்டுத் தொழிற்சாலைக்குப் போனது. சாமுவேல் பெந்தம் 1793இல் இங்கிலாந்தில் பெற்ற மரவேலை இயந்திரக் காப்புரிமை இழைத்தல், காடி எடுத்தல், டவ்டெயில் வெட்டுதல் என்று தச்சு வேலை முழுவதையும் இயந்திரமாக்கும் திட்டமாக இருந்தது. அவர் பொறுப்பில் இருந்த போர்ட்ஸ்மவுத் கடற்படைத் தளத்தில், மார்க் புருனெல் வடிவமைத்து ஹென்றி மாட்ஸ்லி செய்து கொடுத்த இயந்திரங்கள் கப்பல்களுக்கான கப்பிகளை வெட்டத் தொடங்கின. 1808இல் ஆண்டுக்கு 1,30,000 கப்பிகள். முன்பு 110 தேர்ந்த தொழிலாளிகள் செய்த வேலையை 10 பேர் செய்தார்கள். மரத்தை எங்கே பிடிப்பது, எவ்வளவு ஆழம் துளைப்பது, எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் இயந்திரத்தின் பிடிப்பிலும் தடுப்பிலும் நிலைநிறுத்தப்பட்டிருந்தன. அதே ஆண்டுகளில் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் எலை டெரி என்ற கடிகாரத் தொழிலர், 1807 வாக்கில் 4,000 மரக் கடிகார இயந்திரங்களை மூன்று ஆண்டுகளில் செய்து தர ஒப்பந்தம் போட்டார். ஒரு கடிகாரத்தின் மரச்சக்கரம் எந்தக் கடிகாரத்திலும் பொருந்தும்படி வெட்ட அவர் நம்பியது நீர்விசையையும் அளவுத் தகடுகளையும் பிடிகட்டைகளையும்தான். ஆனால் டெரி கடிகாரம் செய்யத் தெரிந்தவர். அவருடைய ஜிக் அவர் செய்தது. போர்ட்ஸ்மவுத்தின் பத்துப் பேருக்கும் டெரிக்கும் உள்ள தூரம் இங்கேதான் இருக்கிறது.

பாக்ஸ் ஜாயின்ட்டுக்கு நெருக்கமான ஒரு சாட்சியம் துப்பாக்கித் தொழிலிலிருந்து வருகிறது. வர்ஜீனியாவின் ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் அரசு ஆயுதசாலையோடு சேர்ந்த தம் பட்டறையில் ஜான் ஹால் 1820களில் தமது துப்பாக்கியை உதிரிகள் ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தும்படி செய்து காட்டினார். துப்பாக்கிகளைப் பிரித்து, பாகங்களைக் கலந்து, மறுபடி பூட்டிச் சோதித்த அரசுக் குழு வியந்தது. அவர் பிடித்த அடிப்படை விதி, ஒரு பாகத்தின் எல்லா வெட்டுகளையும் ஒரே ஒரு ஆதாரப் புள்ளியிலிருந்து அளக்க வேண்டும் என்பது. ஒரு வெட்டை முந்தைய வெட்டிலிருந்து அளந்தால் பிழை கூடிக்கொண்டே போகும். முளை ஜிக் இந்த விதியை நேரடியாக மீறுகிறது, ஆனாலும் வெற்றி பெறுகிறது. துப்பாக்கியின் உதிரி வேறு இயந்திரத்தில், வேறு நாளில் செய்த உதிரியோடு சேர வேண்டும்; பெட்டியின் பலகையோ அதே முளையில் வெட்டிய பலகையோடுதான் சேரும். ஆகவே ஹாலின் ஆயுதசாலைக்கு விலையுயர்ந்த அளவுக் கருவிகளும் அரசுப் பணமும் வேண்டியிருந்தன. பாக்ஸ் ஜாயின்ட்டுக்கு ஒரு துண்டு மரம் போதும். பின்னாளில் இந்த ஜிக் தனி மனிதரின் பட்டறைக்குத் திரும்பி வர முடிந்ததற்கு இந்த எளிமைதான் காரணம்.

அதற்கு முன் இந்த மூட்டு தொழிற்சாலையில் வளர்ந்தது. அதை வளர்த்தவற்றில் தேனீப் பெட்டிக்குப் பெரிய பங்கு உண்டு. ஃபிலடெல்ஃபியாவில் வாழ்ந்த போதகர் லோரென்சோ லாங்ஸ்ட்ராத், சுமார் 6 முதல் 9 மில்லிமீட்டர் இடைவெளியைத் தேனீக்கள் பிசினால் அடைக்காமலும் அடை கட்டாமலும் நடைபாதையாக விட்டுவைக்கும் என்பதை 1851இல் பெட்டி வடிவமைப்புக்குப் பயன்படுத்தினார். 1852 அக்டோபர் 5 அன்று காப்புரிமை பெற்றார். தூக்கி எடுக்கக்கூடிய சட்டங்களைச் சுற்றி எல்லாப் பக்கமும் இந்த இடைவெளி சரியாக இருக்க வேண்டும். சில மில்லிமீட்டர் தவறினால் தேனீக்கள் சட்டத்தைப் பெட்டியோடு ஒட்டிவிடும். முதல் பெட்டிகளைச் செய்து கொடுத்தவர் ஹென்றி பூர்கின் என்ற மரச்சாமான் தச்சர். அவரிடமிருந்து நூறுக்கும் மேல் வந்தன. தேவை பெருகியதும் ஒஹையோவின் மெடினாவில் 1869இல் ஏ. ஐ. ரூட் தொடங்கியது போன்ற தொழிற்சாலைகள் அந்த வேலையை ஏற்றன. அவை பெட்டிகளைப் பூட்டாமல், வெட்டிய பலகைகளாகவே கட்டி ரயிலில் அனுப்பின. எங்கோ ஒரு பண்ணையில் விவசாயி சுத்தியலும் ஆணியும் வைத்து அவற்றைப் பூட்டிக்கொள்வார். எந்தப் பக்கப் பலகையும் எந்த முனைப் பலகையோடும் சேர வேண்டும் என்றால் கையால் பொருத்திய டவ்டெயில் உதவாது. அதில் ஒவ்வொரு மூலையும் தன் ஜோடிக்கு மட்டுமே உரியது. தொழிற்சாலையில் முளைக்குப் பதில் ஒரே தண்டில் வெட்டுத் தகடுகளையும் இடைவெளி வளையங்களையும் மாறி மாறிக் கோத்து, அடுக்கிய பலகைகளில் எல்லாக் காடிகளையும் ஒரே தள்ளலில் எடுத்தார்கள். பல்லின் இரண்டு பக்கத்திலிருந்தும் ஆணி அடிக்க முடிந்தது மழையில் நிற்கும் பெட்டிக்கு இன்னொரு நன்மை. தென்னிந்தியாவில் 1910களில் பாதிரியார் நியூட்டன் நம் இந்தியத் தேனீயின் உடல் அளவுக்கேற்ப வடிவமைத்த சிறிய பெட்டியும், பிறகு மார்த்தாண்டத்தைச் சுற்றி வீட்டுத் தொழிலாகப் பரவிய தேனீ வளர்ப்பும் நிற்பது இதே இடைவெளி விதியின்மேல்தான். ஒரு பெட்டியின் சட்டம் அடுத்த பெட்டியிலும் போய் உட்கார வேண்டும் என்பது அங்கேயும் பாலபாடம்.

இயந்திரம் தனக்கென ஒரு வடிவத்தைக் கண்டுபிடித்தபோது வாங்குகிறவர்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு மேசை இழுப்பறைகள் சாட்சி. விஸ்கான்சினைச் சேர்ந்த சார்லஸ் நாப் 1867இல் காப்புரிமை பெற்ற இயந்திரம், இழுப்பறையின் மூலையில் பிறை வடிவ வளைவுகளும் நடுவில் வட்ட முளைகளுமாக ஒரு மூட்டை வெட்டியது. கையால் யாரும் அப்படி வெட்டியதில்லை, வெட்டவும் மாட்டார்கள். அது வலுவானது, வேகமானது. 1870களிலிருந்து சுமார் முப்பது ஆண்டுகள் அமெரிக்க மரச்சாமான்களில் பரவலாக இருந்தது. பிறகு மறைந்தது. டவ்டெயிலை வெட்டும் இயந்திரங்கள் முன்னேறியதும், காலனிய காலத்துப் பாணியில் மரச்சாமான் வேண்டும் என்ற விருப்பம் பரவியதும், கையால் செய்ததுபோலத் தோன்றும் மூட்டுக்கே சந்தை திரும்பியது. நாப் மூட்டைவிட எளிமையான பாக்ஸ் ஜாயின்ட் பிழைத்தது, யாரும் அழகு பார்க்காத இடங்களில் அது வாழ்ந்ததால்தான்: வெடிமருந்துப் பெட்டி, கருவிப் பெட்டி, தேனீப் பெட்டி. அது அழகில் தோற்றதாகச் சொல்கிறவர்கள், அழகுப் போட்டியில் அது கலந்துகொள்ளவே இல்லை என்பதை மறந்துவிடுகிறார்கள்.

வலுவைப் பற்றிய ஆட்சேபம் இதைவிடக் கனமானது. டவ்டெயில் தன் வடிவத்தாலேயே பிடிக்கிறது. பாக்ஸ் ஜாயின்ட்டில் இரண்டு பலகைகளில் எதை நீளவாட்டில் இழுத்தாலும் தடுப்பது பசை மட்டும்தான். இது உண்மை, இதை மறுக்க முடியாது. ஆனால் பசைக்கு எவ்வளவு இடம் கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். 10 மில்லிமீட்டர் கனப் பலகைகளை 100 மில்லிமீட்டர் மூலையில் வெறுமனே ஒட்டினால் பசைப் பரப்பு 1,000 சதுர மில்லிமீட்டர். அதுவும் ஒரு பக்கம் நார் அறுபட்ட முனை, பசையை உறிஞ்சிவிடும், பிடிக்காது. 5 மில்லிமீட்டர் பற்கள் வெட்டினால் பல்லும் பல்லும் உரசும் முகங்கள் 19. ஒவ்வொன்றும் 100 சதுர மில்லிமீட்டர். மொத்தம் 1,900, அத்தனையும் நாரோடு நார் சேரும் பக்கங்கள், பசை நன்றாகப் பற்றும் இடங்கள். மூன்று வால் டவ்டெயிலில் இப்படிப்பட்ட முகங்கள் ஆறுதான். வச்சிரத்தை மட்டும் நம்பிய காலத்தில், ஈரமும் பூஞ்சையும் அதைக் கெடுத்துவிடும் என்பதால் வடிவத்தின் பிடிப்பு காப்பீடாக இருந்தது. அந்தக் காலத்துத் தச்சர் டவ்டெயிலைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு. 1930களில் செயற்கைப் பிசின் பசைகளும், இரண்டாம் உலகப் போரை அடுத்து இன்று ஃபெவிகால் வகை என்று நாம் அறியும் வெள்ளைப் பசையும் பட்டறைகளுக்கு வந்தபின், கணக்கு மாறியது. எந்த மூட்டு உயர்ந்தது என்ற கேள்விக்குக் காலத்தை விட்டுவிட்டுப் பதில் சொல்ல முடியாது. இழுப்பறையின் முகப்பை நாள்தோறும் பிடித்து இழுக்கிறார்கள், அங்கே இன்றும் டவ்டெயிலுக்குத்தான் என் வாக்கு. நான்கு பக்கமும் ஒரே மாதிரி சுமை தாங்கும் பெட்டிக்கு பாக்ஸ் ஜாயின்ட் எந்தக் குறையும் இல்லாதது.

தொழிற்சாலையில் அதன் காலம் நீளவில்லை. அமெரிக்க ரயில்வேக்கள் அட்டைப்பெட்டியில் வந்த சரக்குக்கு மரப்பெட்டிச் சரக்கைவிடக் கூடுதல் கட்டணம் வாங்கிவந்தன. பிரிட்ஹாம் என்ற பெட்டிக் கம்பெனி தொடுத்த வழக்கில், மாநிலங்களுக்கிடையிலான வணிக ஆணையம் 1914இல் அந்தப் பாகுபாடு செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாக ஒவ்வொரு சரக்கும் அட்டைக்கு மாறியது. சில பத்தாண்டுகளில் டைனமைட்டும் மாறியது. பெட்டிக்காக மட்டும் வாழ்ந்த ஒரு மூட்டு, பெட்டித் தொழில் போனதும் போயிருக்க வேண்டும். போகவில்லை. சிறிய மின் மோட்டார்கள் மலிவானதால், 1919இல் மில்வாக்கியில் தொடங்கிய டெல்டா போன்ற கம்பெனிகள் வீட்டுப் பட்டறைக்கான டேபிள் சாக்களை விற்கத் தொடங்கின; அதன் புகழ்பெற்ற யூனிசா 1939இல் வந்தது. இரண்டு ஓரத் தகடுகளும் நடுவில் தேவைக்கேற்ற சீவு தகடுகளுமாக அடுக்கி ஒரே வெட்டில் அகலக் காடி எடுக்கும் டேடோ தொகுதியும் கூடவே கிடைத்தது. தொழிற்சாலையின் பல தகட்டுத் தண்டை யாராலும் வீட்டில் வைக்க முடியாது. ஒரு காடியும் ஒரு முளையும் வைக்க முடியும். கைவினைப் பத்திரிகைகள் அந்த ஜிக்கை வரைபடத்தோடு அச்சிட்டன. டென்மார்க்கில் பழைய முறையில் தொழில் பழகி அமெரிக்காவில் ஆசிரியரான டாகே ஃப்ரிட் 1979இல் வெளியிட்ட மூட்டுகள் பற்றிய நூலில், கையால் வெட்டும் டவ்டெயிலோடு டேபிள் சாவில் ஜிக் வைத்து வெட்டும் பல் மூட்டையும் கற்றுத்தந்தார். ஒன்றைச் செய்யத் தெரிந்தவர் மற்றதை இழிவாக எண்ணவில்லை.

இனி, எல்லாவற்றிலும் கடினமான மறுப்பு. ஜிக் திறமையைத் தொழிலாளியின் கையிலிருந்து எடுத்துவிடுகிறது, எடுத்ததைத் திருப்பித் தருவதில்லை என்பது அது. போர்ட்ஸ்மவுத்தின் 110 பேரில் நூறு பேர் தேவையற்றுப் போனார்கள். ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் பழைய கைவினைஞர்கள் தாங்கள் வேலை செய்யும் நேரத்தையும் முறையையும் பிறர் வகுப்பதை ஏற்கவில்லை; 1842இல் மணிக்கூண்டு நேரப்படி வேலை செய்யச் சொன்ன இராணுவ நிர்வாகத்துக்கு எதிராக வேலையை நிறுத்தி, கால்வாய்ப் படகு ஏறி வாஷிங்டன் போய் குடியரசுத் தலைவர் டைலரிடமே முறையிட்டார்கள். அவர்கள் பயந்தது சரிதான். அந்த ஆயுதசாலையில் எந்தப் பிடிகட்டையில் எந்தப் பாகத்தை எப்படி வெட்டுவது என்று நிர்வாகம்தான் சொன்னது; பிடிகட்டையைத் திருத்தத் தெரிந்தவர் வேறு, அதில் மரத்தையும் இரும்பையும் நிறுத்தித் தள்ளுகிறவர் வேறு என்று வேலை பிளந்துவிட்டது. பெட்டித் தொழிற்சாலையில் தகட்டுத் தண்டின்முன் நின்றவரும் பற்களின் அகலத்தைத் தீர்மானிக்கவில்லை. இந்த இழப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் இழப்புக்கு ஜிக்கின் வடிவத்தைக் குற்றம் சொன்னால், குற்றவாளி தப்பிவிடுவான். அதே முளையை வீட்டுப் பட்டறையில் தானே இழைத்து அடிக்கிறவரிடமிருந்து அது எதையும் எடுக்கவில்லை.

லண்டன் ராயல் கலைக் கல்லூரியில் மரச்சாமான் வடிவமைப்பு கற்பித்த டேவிட் பை 1968இல் வெளியிட்ட நூலில் வேலையை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, ஒவ்வொரு கணமும் வேலை கெட்டுப்போகும் ஆபத்துக்குள் கையும் கண்ணும் தீர்மானிக்கும் வேலை. மற்றது, முடிவு முன்னதாகவே உறுதியாகிவிட்ட வேலை. அவரைக் காட்டி ஜிக்கைத் தாழ்த்துகிறவர்கள் உண்டு. அவர் அவ்வளவு எளிதாக விடவில்லை. உறுதியான வேலை தொடங்குவதற்கு முன், அதன் கருவிகளும் பிடிகட்டைகளும் அச்சுகளும் ஆபத்தான வேலையால்தான் உருவாகின்றன என்று அவரே சொல்கிறார். பாக்ஸ் ஜாயின்ட்டில் ஆபத்து எங்கேயும் போய்விடவில்லை. 80 காடிகளில் பரவிக் கிடந்தது ஒரு முளையின் பொருத்தத்தில் வந்து குவிந்திருக்கிறது. அதைக் கெடுத்தால் எண்பதும் கெடும்.

உடல் ஆபத்து வேறு, அதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் டேபிள் சாவில் கை வெட்டுப்பட்டு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்குப் போகிறவர்கள் ஆண்டுக்குச் சுமார் 30,000 பேர். பலகையின் மேல்வரை ஊடுருவாத காடி வெட்டுக்கு ரம்பத்தின் மேல்மூடியையும் பின்னால் நிற்கும் பிளவுத் தகட்டையும் கழற்ற வேண்டியிருக்கிறது. ஐரோப்பாவில் விற்கும் பெரும்பாலான டேபிள் சாக்களின் அச்சு டேடோ தொகுதியை ஏற்கும் நீளம்கூட இல்லாதது. நல்ல ஜிக் பலகையைத் தானே பிடித்து, ரம்பம் வெளிவரும் இடத்தில் கனமான கட்டையை வைத்துக் கையைத் தள்ளி நிறுத்துகிறது. மோசமான ஜிக்கில் கட்டைவிரல் நேராக ரம்பத்தின் பாதையில் இருக்கும். ஜிக் செய்கிறவரின் அறிவுக்கு இதைவிடக் கடுமையான தேர்வு இல்லை.

கடையில் வாங்கிய ஜிக்கிலும் கணினி இயக்கும் வெட்டுக்கருவியிலும் பாக்ஸ் ஜாயின்ட் எடுக்கிறவர்கள் இப்போது ஏராளம். தயாராக வாங்கியதை வைத்திருப்பதும் தன்னுடைய ஜிக் ஆகுமா என்று கேட்கலாம். அதற்கு விடை ரம்பத்தில் இருக்கிறது. டேடோ தகடுகளைச் சாணை பிடிக்கும் ஒவ்வொரு முறையும் காடி மயிரிழை குறுகுகிறது, முளை பெரிதாகிவிடுகிறது. மழைக்காலத்தில் முளை உப்புகிறது. மென்மரத்துக்குச் சரியாக இருந்த இறுக்கம் தேக்கில் பல்லை உடைக்கும். அப்போது முளையை இழைக்கவோ, தாள் ஒட்டவோ, நேர்க்கட்டையை மெல்லத் தட்டி நகர்த்தவோ தெரிந்தவருக்குத்தான் அடுத்த பெட்டி சேரும். கனடாவைச் சேர்ந்த பொறியாளர் மாத்தியாஸ் வாண்டெல், முளையையே நீக்கிவிட்டு, மரப் பற்சக்கரங்களால் திருகாணியைச் சுற்றிப் பலகையைப் படிப்படியாக நகர்த்தும் ஜிக்கை மரத்திலேயே செய்து காட்டினார். ஒரே ஆதாரத்திலிருந்து அளக்கும் ஹாலின் விதி இங்கே வீட்டுப் பட்டறைக்கு வந்துவிட்டது. சக்கரத்தை மாற்றினால் பல்லின் அகலம் மாறும். வரைபடத்தை வாங்கிய பலர் அந்தச் சக்கரங்களைத் தங்கள் கையாலேயே வெட்டுகிறார்கள்.